நிற்காமல் நடந்த மனைவியும் ஒரு செட் பிரேக் பேடும்

காரின் பிரேக் பேடை மாற்றாததால் 'அப்புறம்' சாரின் மனைவி மூன்று நாள் நிற்க முடியாமல் நடந்தார். மருந்துக்கடை வைத்திருந்த சாருக்கு அந்தப் பெயரை வைத்ததே மெக்கானிக்தான். ஆயில் மாற்றணும் என்றால் அப்புறம் பார்த்துக்கலாம், பெல்ட் தேய்ந்துவிட்டது என்றால் அப்புறம் பார்த்துக்கலாம். வண்டியில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் அதற்கு அவரிடம் காலணா செலவில்லாத வைத்தியம் இருந்தது. ரேடியோவைக் கூட்டி வைப்பார். பத்து நாளில் சத்தம் போய்விடும்.

போன சத்தமெல்லாம் வீட்டுக்குத்தான் வந்தது. பெல்ட்டின் கீச்சல் சமையலறை அலமாரிக்குள் குடியேறி, திறந்தாலும் கத்தியது, மூடினாலும் கத்தியது. பேரிங்கின் முனகல் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. கார் மட்டும் பதினோரு வருஷம் ஜம்மென்று ஓடியது. "என்னங்க, வண்டியைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்களேன்" என்று மனைவி கேட்டால், ஓடுகிற வண்டிக்கு எதற்கு வெட்டிச் செலவு என்று அவருக்கு உண்மையிலேயே புரியாது.

பிரேக்கின் கரகரப்பு காரை விட்டுப் போன காலையில் மனைவி பால் வாங்கக் கிளம்பினார். கடைக்காரர் பாக்கெட்டை நீட்டுவதற்குள் கடையைத் தாண்டிவிட்டார். "கால் நிக்கமாட்டேங்குதுங்க" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் கரகரவென்றது. சார் காரில் பின்னாலேயே போய், ஜன்னல் வழியாகத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தார். டாக்டர் கூடவே நடந்து நாடி பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஃபீஸ் வாங்கிக்கொண்டார். நடந்தபடியே, கார்க்கதவில் கை வைத்துத் தூங்கினார் அந்த அம்மாள். இரண்டாம் நாள் செருப்பில் ரத்தம் தெரிந்தது. சார் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதார்.

மூன்றாம் நாள் பட்டறை வழியாகப் போனபோது, உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சார், அந்தக் கரகரப்பு உங்க முன் சக்கரம். வண்டியை விட்டுட்டுப் போங்க."

வண்டியை விட்டால் அவளைத் தனியாக விட வேண்டும். அவர் தவிப்பதைப் பார்த்து, "விட்டுட்டு வாங்க, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று சொல்லியபடியே மனைவி தெருமுனை திரும்பிவிட்டார்.

பேடு தகரமாகத் தேய்ந்திருந்தது. "ஒரிஜினல் போடவா, லோக்கல் போடவா? லோக்கல் பாதி விலைதான்" என்றார் மெக்கானிக். சார் வாயைத் திறந்தார். பழக்கம் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. எங்கோ இரண்டு தெரு தள்ளி அந்தக் கரகரப்பு கேட்டது.

"ஒரிஜினல். பெல்ட், பேரிங் எல்லாத்தையும் மாத்திடுங்க."

சாயங்காலம் பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மனைவி நின்றுகொண்டிருந்தார். நின்று ஒரு மணி நேரம் ஆகியும் உட்காரவில்லை. "நிக்கிறது எவ்வளவு சுகம் தெரியுமா?" என்றார். காரில் ஏறியதும் சார் முதல் வேலையாக ரேடியோவை அணைத்தார். வீடு வரும்வரை இருவரும் வண்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அலமாரி இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது. வண்டியில் லேசாக ஏதாவது கேட்டால் சார் முதலில் மனைவியின் காலைப் பார்ப்பார். மனைவி வலது பக்கம் கை காட்டுவார். பட்டறை அந்தப் பக்கம்தான்.