முதல் படகில் ஒன்பது பேர்

விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் குச்சியில் ஒரு பட்டை ஏறிவிட்டிருந்தது.

சார்ஜென்ட் ஓக் சுன்யோங் கரையில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அவளே சேற்றில் அடித்து நிறுத்திய குச்சி அது. சாணுக்கு ஒரு வெள்ளைப் பட்டை. நாலு நாளாகச் சொட்டு மழை கிடையாது. வானம் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. ஆறு மட்டும் சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டிருந்தது.

வடக்கே எல்லைக் கம்பிவேலிக்கு அந்தப்புறம், எதிரி நாட்டிலிருந்து வருகிற ஆறு. அங்கே ஓர் அணை உண்டு. அதைத் திறக்கிறவர்கள் இந்தப் பக்கத்தாரைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

கார்ப்பரல் தாக் கியுசோல் பார்லி டீ நிறைந்த குவளையுடன் பின்னால் வந்து நின்றான். சுன்யோங்கின் படகுக் குழுவில் எஞ்சின் வேலை அவனுடையது. கட்டாய ராணுவச் சேவை முடிய இன்னும் நாற்பத்தொரு நாள்.

"என்ன சார்ஜென்ட், குச்சி வேர் விட்டிருக்கான்னு பாக்குறீங்களா?"

"தண்ணியில என்ன மிதக்குது, பாரு."

தாக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "சோளத்தட்டை."

"என்ன நிறம்?"

"பச்சை." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. குவளையை இறக்கினான்.

"காஞ்ச தட்டைன்னா கரையில கிடந்தது வருதுன்னு விட்டுடலாம். பச்சைன்னா மேல எங்கயோ வயலுக்குள்ள தண்ணி பூந்திருக்கு."

"வீட்டுக்குப் போற நாளை எண்ணிக்கிட்டிருக்கிறவன்கிட்ட இதையெல்லாம் சொல்லாதீங்க, சார்ஜென்ட்."

நேற்றுவரை ஆற்றின் நடுவில் ஒரு மணல்திட்டு இருந்தது, கொக்குகள் நின்றன. இப்போது கொக்குகளைக் காணோம். திட்டு ஒரு கோடாகத் தேய்ந்திருந்தது.

அன்றைய பயிற்சியில் மூன்று ரப்பர் படகுகள், படகுக்குப் பத்துப் பேராக, அக்கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பத்து மணிக்கு டிவிஷன் தளபதி பார்க்க வருகிறார். கரை மேட்டுக்குக் கீழேயே கூடாரம் போட்டு, நாற்காலிக்கு வெள்ளை உறைகூட மாட்டியாகிவிட்டது. பாதுகாப்புப் பொறுப்பு சுன்யோங்குடையது. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் அவள் கையில்.

ஒன்பதரைக்குத் தண்ணீர் இரண்டாவது பட்டையைத் தொட்டது. அவள் சிவப்புக் கொடியைத் தூக்கினாள்.

கேப்டன் நாம்குங் வேகமாக நடந்து வந்தார். அவளைவிட மூன்று வயது சின்னவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிப்பாய்களுக்குக் காய்ச்சல் கண்டால் ராத்திரி எழுந்து வந்து பார்க்கிறவர். போன மாதம் மூடுபனியைக் காரணம் காட்டி ஒரு பயிற்சியை நிறுத்தப்போய், பட்டாலியன் முழுக்கக் கேட்கும்படி திட்டு வாங்கியிருந்தார்.

"என்ன ஓக் சார்ஜென்ட், இப்பப் போய் சிவப்பு?"

"தண்ணி ஏறுது கேப்டன். மேல அணையைத் திறந்திருக்காங்கன்னு நினைக்கிறேன்."

"மேல் காவல் சாவடிக்கு நானே மூணு தடவை போன் போட்டேன். வழக்கம்போலத்தான் இருக்குன்னு சொல்றாங்க. வெள்ள சைரனும் ஊதலையே?"

"சைரன் ஊதுற வரைக்கும் ஆறு காத்திருக்குமா?"

"தளபதி வண்டி பாலத்தைத் தாண்டிடுச்சு. அவர்கிட்ட நான் என்ன சொல்ல, சோளத்தட்டை மிதந்துச்சுன்னா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுன்யோங் மூன்று படகுகளுக்கும் நடந்து போனாள். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு சிவப்புச் சுருள் கயிறு உண்டு. ஓட்டுகிறவன் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான். அவன் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. மூன்று கயிறுகளையும் உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

கேப்டனின் காது சிவந்தது.

"கொடுங்க."

"மாட்டேன் கேப்டன். என் மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க."

அவர் வரிசைப் பக்கம் திரும்பி, நிதானமான குரலில், "எஞ்சின் வேண்டாம். துடுப்பை எடுங்க. மூணு படகும் துடுப்பு போட்டே போகும்" என்றார்.

சிப்பாய்கள் துடுப்புகளை எடுத்தார்கள். உத்தரவு உத்தரவுதான்.

சுன்யோங் ஆற்றைப் பார்த்தாள். இந்த இழுப்பில் எஞ்சின் இல்லாமல் முப்பது பேர். நல்லது செய்வதாக நினைத்துப் பொறியை அவளே இறுக்கிவிட்டாள். முன்னால் நின்று மறிக்கலாம். இரண்டு பேரை வைத்து அவளை ஓரமாக இழுத்துவிட்டுப் படகை இறக்கிவிடுவார்கள். ஜீப் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"கேப்டன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒரு படகு. ஒண்ணே ஒண்ணு. எஞ்சினோட. நான் ஓட்டுறேன். எட்டுப் பேர் போதும், மூட்டை முடிச்சு எதுவும் வேண்டாம். தாக் இன்னொரு படகோட கீழ் வளைவுல நிக்கட்டும், மீட்புக்கு. மூணாவது தண்ணியில இறங்கக் கூடாது."

கேப்டன் மூச்சை விட்டார். "சரி. போயிட்டு வந்துடுங்க. அது போதும்."

அவள் பொத்தானைக் கழற்றினாள்.

எட்டுப் பேருடைய மிதவைச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். துப்பாக்கிகளை உடம்பில் மாட்டவிடாமல் படகின் தரையில் கட்டவைத்தாள். "படகு எதுலயாவது பக்கவாட்டுல மோதினா, மோதின பக்கமே சாயணும். பயந்து எதிர்ப்பக்கம் சாஞ்சா தண்ணி ஏறிடும். புரிஞ்சுதா?" எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவன் யோம் தேரிம், சேர்ந்து மூன்றே மாதம் ஆன சிப்பாய், ஆப்பிள் தோட்டக்காரன் மகன். "மோதின பக்கம், மோதின பக்கம்" என்று பாடம் படிப்பதுபோல முணுமுணுத்துக்கொண்டான். பக்கத்திலிருந்தவன், "டேய், பரீட்சையா எழுதப் போற?" என்று இடித்தான்.

பச்சைக் கொடியை அவள்தான் காட்டினாள்.

பாதி ஆறு வரை எதுவும் நடக்கவில்லை. தளபதி கூடாரத்தில் தொலைநோக்கியைத் தூக்குவதுகூடத் தெரிந்தது. அப்போதுதான் மேலேயிருந்து, பலகைப் பாலத்தில் லாரிகள் வரிசையாக ஓடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அந்தப் பக்கம் பாலமும் கிடையாது, லாரியும் கிடையாது.

மேல் வளைவில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. ஆற்றின் முழு அகலத்துக்கும்.

"துடுப்பைக் கீழ வைங்க! எல்லாரும் குனிங்க!" படகின் மூக்கை நேரே வெள்ளத்துக்கு எதிராகத் திருப்பினாள். அலை தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. படகு தாங்கியது. அக்கரையைப் பார்த்துச் சாய்வாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்க ஆரம்பித்தாள். கரைக்கு இன்னும் நாற்பது அடி இருக்கும். மிளகாய்த் தோட்டத்து மண்ணை மூடுகிற கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று பாம்புபோல மிதந்து வந்து எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் இருமி, நின்றது.

"துடுப்பு! போடு, போடு!"

படகு பக்கவாட்டில் திரும்பிக் கீழே அடித்துக்கொண்டு போனது. கீழே, சண்டைக் காலத்தில் இடிந்துபோன பாலத்தின் ஒற்றைத் தூண் நின்றது.

"தூண் பக்கம் சாயுங்க! தூண் பக்கம்!"

ஏழு பேர் சாய்ந்தார்கள். யோமுக்கு முகத்துக்கு நேரே கல்தூண் வந்தபோது, உடம்பு யாரைக் கேட்டுக்கொண்டு நகரும்? பின்னால் சாய்ந்தான். அந்த ஓரம் அமிழ்ந்தது, பழுப்புத் தண்ணீர் உள்ளே ஏறியது, அவன் இருந்த இடம் காலியாக இருந்தது. மறுகணம் படகு தூணைச் சுற்றி வழுக்கி விடுபட்டது.

மிதவைச் சட்டையின் ஆரஞ்சு நிறம் கீழே தெரிந்தது. தாக்கின் படகு அதை நோக்கிப் பாய்ந்தது. தாக் வீசிய கயிறு முதல் வீச்சிலேயே போய் விழுந்தது, யோம் பிடித்தும்விட்டான். அதே நேரம் வேரோடு வந்த ஒரு மரம் உருண்டு இருவருக்கும் நடுவில் கயிற்றை வாரிக்கொண்டது. தாக் விடவில்லை. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போகும்வரை விடவில்லை. பிறகு கயிற்றின் மறுமுனையில் கனமே இல்லை.

சுன்யோங்கோடு சேர்த்து எட்டுப் பேர் துடுப்பு போட்டு ஒதுங்கி அக்கரையில் ஏறி உட்கார்ந்தார்கள். சுன்யோங் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எதிர்க்கரையில் கூடாரம் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. கேப்டன் சிப்பாய்களை மேட்டில் ஏறச் சொல்லிக் கத்துவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம்தான், ஒன்பது நிமிஷம் கழித்து, சைரன் ஊதியது.

யோமை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

விசாரணையில் கேப்டன் நாம்குங் எதையும் மறைக்கவில்லை. "உத்தரவு என்னுடையது" என்றார். பிறகு, "படகை எடுக்க ஒப்புக்கொண்டவர் ஓக் சார்ஜென்ட்" என்றும் சொன்னார். இரண்டும் நிஜம். துடுப்போடு முப்பது பேர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுன்யோங் விளக்கினாள். மேஜைக்கு அந்தப்புறம் இருந்த கர்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "கத்தியை எடுத்து மூணு படகையும் கிழிச்சுப் போட்டிருக்கலாமே?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இடுப்பில் கத்தி இருந்தது. அன்றைக்கு முழுக்க இருந்தது.

கேப்டனை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். அவளுக்கு எழுத்தில் ஒரு கண்டனம். தாக் கைக்கட்டோடு வீடு திரும்பினான். முகாம் வாசலில் அவளுக்கு சல்யூட் அடித்தபோது விரல்கள் நேராகவில்லை.

இலையுதிர்காலத்தில் யோமின் அப்பா வந்தார். கேட்டதே ஒன்றுதான்: இடத்தைக் காட்ட வேண்டும். சுன்யோங் ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தாள். வெயிலில் கறுத்த மனிதர், தன்னிடமிருந்த ஒரே கோட்டுசூட்டைப் போட்டிருந்தார். தூணைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"நீங்கதான் ஓட்டினீங்களா, அம்மா?"

"ஆமாங்க."

"தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "தெரிஞ்சிருந்துச்சு" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையை மட்டும் இரண்டு தடவை ஆட்டிவிட்டு, தண்ணீரை ஒட்டிப் போய்க் குந்தி உட்கார்ந்தார். காற்று நின்றுபோயிருந்தது. ஆறு தெளிந்து, தாழ்ந்து, ஒன்றுமே அறியாதது போல ஓடியது. நுரை ஒரு துணுக்கு மேலேயிருந்து மிதந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று. காற்றில்லாத நாளில் நுரை வந்தால் மேலே தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"ஐயா," என்றாள் சுன்யோங், "கொஞ்சம் மேல ஏறி வந்துடுங்க."

அவர் காதில் விழவில்லை போலிருந்தது. அவள் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாள்.