ஒரே ரோடு

தருண்குமார் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்கின் பின்பக்கம் போனான். குழாயடியில் பல் தேய்த்தான். கேனை நிரப்பினான். வேனின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான். சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வேஸ்ட் தாளை உருவி, நனைத்து, முன்கண்ணாடியைத் துடைத்தான். அச்சகத்தில் வண்ணம் பிசகிப்போன காலண்டர்த் தாள்கள் அவை. லட்சுமிக்கு இரண்டு மூக்கு இருந்தது. மரக்கட்டையால் நான்கு டயரையும் தட்டிப் பார்த்தான். பிளாஸ்கை எடுத்துப்போய் எதிர்க்கடையில் வெந்நீர் வாங்கினான். ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து தினமும் காலையில் இதே வேலைதான். வரிசைகூட மாறியதில்லை.

வேனின் பின்கதவைத் திறந்த பிறகுதான் வெந்நீர் யாருக்கு என்று நினைவு வந்தது.

கீர்த்திகா பெட்டிக்குள் இருந்தாள். நாக்பூர் ஆஸ்பத்திரியில் உடம்பு கெடாமலிருக்க ஊசி போட்டு, மூடி அடித்துக் கொடுத்திருந்தார்கள். பெட்டி ஆடாமலிருக்க அவளுடைய தம்பி ஸ்ரீராம்குமார் சுற்றிலும் மெத்தையையும் போர்வைகளையும் அண்டக்கொடுத்திருந்தான். குளிர் தாங்காதவள். வெந்நீர் இல்லாமல் முகத்தில் தண்ணீர் வைக்கமாட்டாள். தருண் சிறிது நேரம் பிளாஸ்கோடு நின்றான். பிறகு அதை வழக்கமான மூலையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

ஓசூருக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். கடைப்பலகைகளில் தமிழ் வந்துவிட்டது.

“அத்தான், அம்மா லைன்ல இருக்காக,” என்று ஸ்ரீராம் போனை நீட்டினான்.

“சாப்பிட்டீகளா மாப்ள?” என்றாள் யோகலட்சுமி. மூட்டுவலியால் இந்தப் பயணத்துக்கு அவள் மட்டும் வரவில்லை. அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. ஆனாலும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

“சாப்பிட்டேன் அத்தை.”

“கடைசியா நீங்கதான் பக்கத்துல இருந்தீகளாம். என் பிள்ளை என்ன சொன்னா மாப்ள? என்னையக் கேட்டாளா?”

நேற்றும் கேட்டாள். அதற்கு முந்தைய நாளும் கேட்டாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“வந்து சொல்றேன் அத்தை.”

வேன் நகர்ந்தது. மாமா லட்சுமிகாந்தம்தான் ஸ்டீரிங்கில். திருத்தங்கலில் இருக்கும் அவருடைய காலண்டர் அச்சகத்தில் இருபது வருடமாக லோடு அடித்த வேன். இதை விற்றுவிடச் சொல்லிப் பிள்ளைகள் இருவரும் கெஞ்சியிருக்கிறார்கள். சீட்டை மாற்றி, பின்னால் மெத்தை போட்டு, இதிலேயே வடக்கே போய்வரலாம் என்று பொங்கல் முடிந்ததும் சொன்னவளும் கீர்த்திகாதான்.

“இந்த ரோடு எங்கப்பா போகுது?” விருதுநகர் பைபாஸைக் கடக்கும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்தே கேட்பாளாம்.

“இங்கன ஏறுனா காஷ்மீர்லதான் இறங்கணும். ஸ்டீரிங்கத் திருப்ப வேண்டிய சோலியே இல்ல,” என்பாராம் மாமா.

உண்மையில் ஒரே ரோடுதான். அதே ரோடுதான் இப்போது அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தது.

தருண் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டான். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. நாக்பூரிலிருந்து அப்படித்தான் இருந்தது. போகும்போது பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்து, வேனைத் தொட்டுவிட்டுப் பின்னால் போயிற்று. நேற்று துங்கபத்திரைப் பாலம் வந்தது. அதில்தான் அவள் தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு, “நதிய யாராச்சும் ஆஃப் பண்ணுங்களேன், கண்ணு கூசுது,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அனந்தபூர் வந்தது. கடலை வாங்கிய கடை வந்தது. வாங்கினாள், தின்னவில்லை.

அப்போது யாரும் அவள் தலைவலியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சகத்துக்காரர்களுக்குத் தலைவலி வருடத்தில் ஒரு பருவம். ஆடிப்பெருக்கன்று புது மாதிரிக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டால் மார்கழி முடியும்வரை மிஷின் நிற்காது. மையும் தின்னரும் மூக்கிலேயே குடியிருக்கும். ஆர்டர் எடுப்பவரிலிருந்து தாள் அடுக்கும் பெண்கள்வரை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் திரிவார்கள். பொங்கலுக்கு மிஷினை நிறுத்தியதும் அது தானாகப் போய்விடும். அதற்குச் சீசன் தலைவலி என்று பெயர். டாக்டரிடம் யாரும் போவதில்லை.

“இன்னும் உனக்குச் சீசன் இறங்கல தாயி,” என்றார் மாமா. “ரெண்டு நாள் வெளிக்காத்து பட்டா ஓடிப்போயிரும்.”

தருணும் அதைத்தான் சொன்னான். அவளும் அதைத்தான் சொன்னாள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் போகத்தானே செய்தது.

நாக்பூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மாமாவும் ஸ்ரீராமும் காற்று இறங்கிய டயரைப் பார்க்கப் போனார்கள். கீர்த்திகா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் வேனில் படுத்துக்கொண்டாள். தூங்கட்டும் என்று மெதுவாகத்தான் ஓட்டினார்கள். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் மாமா பார்த்து ஏற்றி இறக்கினார். நாக்பூர் வந்ததும் தருண் பின்னால் போய் எழுப்பினான். மூளையில் ஒரு நரம்பு வெடித்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அப்போது டாக்டர் இந்தியில் சொன்னது மூன்று பேருக்கும் புரியவில்லை. கையை விரித்தது புரிந்தது.

தொப்பூர் மலையிறக்கம் வந்தது. போகும்போது இங்கே அவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தான். தருணுக்கு ஓர் எண்ணம் எழுந்தது. எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது. கனவில் தோன்றும் நியாயம் போல ஒன்று. ரோடு திரும்பி ஓட ஓட அவள் தலைவலி குறைந்துகொண்டிருக்கிறது. அனந்தபூரில் இரண்டு மாத்திரை அளவு இருந்தது. தொப்பூரில் ஒன்றாகிவிட்டது. சேலத்தில் தைலம் மட்டும் தடவினாள். காவிரிப் பாலம் வந்தது. கரூர் வந்தது. இங்கேதான், “லேசா தலைய வலிக்கி,” என்று முதலில் சொன்னாள். கரூரைத் தாண்டியபோது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இனி அவளுக்குத் தலைவலியே இல்லை. திண்டுக்கல் வெளிச்சமாக இருந்தது. போகும்போது இங்கே மரநிழலில் வேன் நின்றபோது, தம்பியின் தட்டிலிருந்து புரோட்டாவைப் பறித்துத் தின்றாள்.

மதுரை தாண்டியதும் மாமா தொண்டையைச் செருமினார்.

“மாப்ள. உங்க அத்தை கேப்பா.”

“கேட்டுட்டுத்தான் இருக்காக மாமா.”

“‘அம்மாவ நல்லாப் பாத்துக்கோங்க’ன்னு சொன்னதாச் சொல்லிருங்க. நான் அப்படித்தான் சொல்லிருக்கேன்.”

பின்சீட்டிலிருந்து ஸ்ரீராம் எட்டிப் பார்த்தான். “அப்பா, நான் வேற மாதிரில்ல சொல்லிட்டேன்.”

“என்னலே சொன்ன?”

“‘அம்மா முட்டிக்குத் தைலம் வாங்கணும்’னு சொன்னான்னு.”

மாமா கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

“ஏலே, சாகப்போறவ தைலம் வாங்கணும்னா சொல்லுவா?”

“அவளுக்குச் சாகப்போறோம்னு தெரியுமாப்பா?”

கப்பலூர்ச் சுங்கச்சாவடியில் வரிசை நின்றது. பணம் வாங்க வந்தவன் பின்கண்ணாடியில் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கிவிட்டான்.

“ரெண்டையும் சேத்துச் சொல்லிருங்க மாப்ள,” என்றார் மாமா. “அவளுக்கு ஒரு பிடி வேணும்ல. உசிரோட இருக்கணும்ல அவ.”

விருதுநகரில் அந்த ரோட்டைவிட்டு இறங்கினார்கள். ஆமத்தூர் தாண்டியது. வெறும் பொட்டலில் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நின்றன, ஒன்றோடு ஒன்று பேசாத வீடுகள்போல. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தருண் சீட்டின் நுனிக்கு வந்தான். இன்னும் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் புறப்பட்ட காலை வந்துவிடும். அவள் மாடியிலிருந்து பையோடு இறங்கி வருவாள். வண்டி ஏறவேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

திருத்தங்கலில் தெரு முழுக்க ஆள். யாரோ சரவெடிக் கட்டுகளை இறக்கிவைத்திருந்தார்கள். மாமா இறங்கியதும் அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார். “பிள்ளை தூங்குது,” என்றார். சொன்ன பிறகு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

அச்சகத்து வாசலில், புறப்பட்ட அன்று நின்ற அதே இடத்தில், யோகலட்சுமி நின்றிருந்தாள். மாடிப்படியில் யாரும் இறங்கி வரவில்லை. வேன் நின்றுவிட்டது. இதற்குமேல் பின்னால் போக ரோடு இல்லை.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பெட்டியைத் திறந்தார்கள். அரக்குப் பட்டுக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து, அவளைக் கூடத்தில் கிடத்தினார்கள். மாமாவும் ஸ்ரீராமும் பங்காளிகளோடு குடத்தில் நீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போனார்கள். பறைச்சத்தம் தெருமுனை திரும்பி மெலிந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் ஓய்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர் குடித்தாள்.

யோகலட்சுமி முட்டியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து தருண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளின் நெற்றியில் குங்குமம் சரிந்திருந்ததை விரலால் சரிசெய்தாள்.

“அவுக ரெண்டு பேரும் சொன்னது பொய்யி மாப்ள,” என்றாள், மெதுவாக.

தருண் நிமிர்ந்து பார்த்தான்.

“‘அம்மாவப் பாத்துக்கோங்க’ன்னு சொன்னாளாம். அவ என்னைக்கு என்னைய அம்மான்னு கூப்பிட்டா? என் தங்கச்சிமாரு கூப்பிடுததக் கேட்டுக் கேட்டு அக்கான்னுதான வாய் திறந்தா. நேத்துவரைக்கும் அக்காதான்.” அவள் முகத்தில் சிரிப்புப்போல ஒன்று வந்து போனது. “உங்க மாமாவுக்குப் பதட்டத்துல அதுகூட நெனப்பு வரல. பாவம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வழியெல்லாம் அவனும் அந்தப் பொய்யைத்தான் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். அம்மா என்ற சொல்லோடுதான்.

“என்னையப் பத்தி இல்லாட்டாலும் பரவாயில்ல. திட்டிருந்தாக்கூடச் சரி. எது நெசமோ அது எனக்கு வேணும். உங்ககிட்ட மட்டுந்தான் அது இருக்கு.”

“பெருசா ஒண்ணும் இல்ல அத்தை.”

“பெருசா எனக்கு எதுக்கு?”

தெருமுனையில் பறை மறுபடி கேட்கத் தொடங்கியது. நீர்மாலை திரும்பிக்கொண்டிருந்தது. தருண் சொல்லத் தொடங்கினான். நாக்பூருக்கு முன்னால் ஒரு டீக்கடை. கயிற்றுக் கட்டில் போட்டிருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் குவித்து விற்றார்கள். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாய் குடித்தாள். டம்ளரைக் கட்டில் காலோரம் வைத்தாள். எழுந்தாள். அவனும் கூட எழுந்திருக்கப் போனான். அவள் அவன் தோளில் கைவைத்து அழுத்தி உட்காரவைத்தாள்.

“என்ன சொன்னா?”

“‘இஞ்சி ரொம்பத் தூக்கலா இருக்கு. நீங்க இருந்து குடிச்சிட்டு மெதுவா வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.’”