சங்கிலிமுத்துவைக் கேட்க வந்தவர்கள்

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்தே வாலிபத்தைக் கழித்த சங்கிலிமுத்துவுக்கு, இப்போது வாசலுக்குப் போய்த் திரும்பினாலே மூச்சு முட்டியது. படுத்தால் இளைப்பு கூடும். அதனால் சுவரில் சாய்ந்தபடியே பொழுதைக் கழித்தார். உள்ளூரான நாரணாபுரத்துச் சொந்தபந்தங்களைவிட ஆராய்ச்சிக்காரர்கள்தான் அவரைப் பார்க்க அதிகம் வந்தார்கள்.

வேதியியல்காரர் வாசல் மண்ணைச் சுரண்டி டப்பாவில் போட்டுக்கொண்டார். நுரையீரலை ஆராய்கிறவர்கள் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதிய களைப்பில் சங்கிலிமுத்துவுக்கு அன்று சோறே இறங்கவில்லை. ஆமத்தூரில் பண்ணை வேலை பார்த்த குடும்பம் ஏன் கம்பெனிக்கு வந்தது என்று வரலாற்றுக்காரர் கேட்டார்.

"மழ பெய்யல. வந்தோம்," என்றார் சங்கிலிமுத்து.

ஒருவரும் மோசமானவர் இல்லை. பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு அவர் மனைவி கருப்பம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"இவுகளுக்கு மூச்சு நேராக என்னய்யா செய்ய?"

அது தன் துறை இல்லை என்றார் மண் எடுத்தவர். ஊரெல்லாம் சோதித்து முடித்ததும் அரசாங்கத்துக்கு எழுதுவோம் என்றார்கள் ஊதச் சொன்னவர்கள்.

வட்டாரப் பேச்சைப் பதிவு செய்ய வந்த லட்சுமிகாந்தம் என்ற பெண் மட்டும் கருவியை அணைத்தாள்.

"அம்மா, விருதுநகர்ல பெரியாஸ்பத்திரிக்குப் போவமா? நானும் கூட வர்றேன்."

போனார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நுரையீரல் தழும்பேறிப் போச்சும்மா. இது திரும்பாது. இளைப்புத் தெரியாம இருக்க மருந்து தர்றேன்."

வராந்தாவுக்கு வந்ததும் லட்சுமிகாந்தம் உடைந்து அழுதாள். கருப்பம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அளாதீக தாயி. நீங்க என்ன செய்வீக, பாவம்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் அழ வேண்டிய நேரத்தில் இன்னொருத்தியைத் தேற்றிக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

தீபாவளி சீசன் பிடித்தது. ஆர்டர் நெருக்கடியில் லீவு கேட்க வாய் வராது. பட்டாசுக் கம்பெனியிலேயே கூலி வேலை பார்த்த கருப்பம்மாளும் கம்பெனி வேனில் போய் வந்தாள். ஒருநாள் சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போதே பக்கத்து வீட்டு வீரலட்சுமி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"தண்ணி கேட்டாக மதினி. மோந்துட்டு வாரதுக்குள்ள..."

லட்சுமிகாந்தம் துட்டிக்கு வந்தாள். மாரடித்து அழும் பெண்களுக்கு நடுவே எப்படி உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து சில வாரங்களில் இன்னொரு பெண் வந்தாள். உளவியல் படிக்கிறாளாம், புருஷனைப் பறிகொடுத்தவர்களின் மனநிலையைப் பற்றி ஆராய்ச்சி. பேச்செடுக்கவே கூச்சப்பட்டாள்.

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களாம்மா?"

"படுக்கத்தான் செய்றேன். அவுக இளைக்கிற சத்தம் கேக்கலன்னா பதறி முளிச்சிருவேன். பொறவுதான் நெனப்பு வரும், ஆள் இல்லேன்னு."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. நோட்டை மூடிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்க்கக் கருப்பம்மாளுக்குச் சகிக்கவில்லை.

"கேளுங்க தாயி. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக."