வலை நிறையச் சொறி

முதலில் ஒன்றிரண்டுதான் வந்தன. வலையைக் கொட்டும்போது மீன்களுக்கு நடுவே, துணி துவைக்கிற தொட்டி அளவுக்கு, வெளிறிய செம்மண் நிறத்தில் ஒரு சொறி மீன், ஜெல்லி மீன் என்பார்களே அது, கிடக்கும். அதுவரை அந்தத் துறைமுகத்தில் பார்த்த சொறியெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை. காலில் பட்டால் கொஞ்ச நேரம் அரிக்கும், அவ்வளவுதான். இது வேறு இனம். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் கொழகொழவென்று நழுவும். அடியில் தொங்கும் இழைகள் பட்ட இடம் சாட்டையால் அடித்ததுபோலத் தடித்துப் போகும்.

அடுத்த பருவத்தில் கூட்டமாக வந்தன. படகில் நின்று பார்த்தால், தண்ணீருக்குக் கீழே ஈர மெத்தைகளைப் பரப்பிவைத்ததுபோல் கண்ணுக்கெட்டிய தூரம் அவைதான். வலையைப் போட்டால் முக்கால்வாசி சொறி. மிச்சம் வரும் மீனும் அந்த எடையில் நசுங்கி, செதில் வெளுத்து, கையில் எடுத்தால் நூல் நூலாகச் சளி வடியும். கரையில் மீன் சுத்தம் செய்யும் ஷெட்டில், சூப்பர்வைசர் அந்தக் கூடைகளைக் குனிந்துகூடப் பார்க்காமல் காலால் ஒதுக்கிவிடுவார்.

"நாம மீன் பிடிக்கிறோமா, கடலுக்குச் சளி எடுக்கிறோமா?" என்று கேட்பார் ஸ்ராங்கு. படகை ஓட்டுகிறவர் அவர், படகும் அவருடையதுதான். வாய் ஓயாத மனிதர். வின்ச்சில் நின்று வலைக்கயிற்றைச் சுற்றுகிறவன் அவருடைய மச்சினன். அவனோ கேட்டால்கூடப் பதில் சொல்ல மாட்டான். "இவன் வாயைத் திறக்க சாவியை எங்க வெச்சாங்கன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது" என்று சொல்லிச் சொல்லி, அவனுக்குப் பூட்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவனும் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். இன்ஜினைப் பார்க்க ஒரு மெக்கானிக், டெக்கில் வலை இழுக்க அண்ணன் தம்பி இரண்டு பேர். படகில் அவ்வளவுதான் ஆள்.

பூட்டின் அக்கா ஷெட்டில் வேலை பார்த்தாள். கையுறை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மீன் தலை கிள்ளுகிற வேலை. அக்காவுக்கும் ஸ்ராங்குக்கும் ஒரே மகள், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பருவத்தில் பாதிப் படகுகள் கரையிலேயே கட்டிக் கிடந்தன. வலை கிழிவதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். ஸ்ராங்குக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. ஒருநாள் காலை வெயில் ஏறியபின் கிளம்பினார்கள். நல்ல அமைதியான கடல். கேபினில் இருந்த மீன் காட்டும் திரையில் திட்டாக ஒரு நிறம் தெரிந்தது.

"மீன்டா! இது மீன்தான்" என்று ஸ்ராங்கு கத்தினார்.

"சொறியா இருந்தா?" என்றார் மெக்கானிக்.

"சொறி இவ்வளவு அழுத்தமாத் தெரியாது. வாயைக் கழுவுய்யா."

வலை இறங்கியது. இழுத்துக்கொண்டு போனார்கள். தூக்க ஆரம்பித்தபோது வின்ச் முனகியது. பூட்டு அந்தச் சத்தத்தை முன்னே கேட்டதில்லை. கயிறு ஈரத்தைப் பிழிந்துகொண்டே சுற்றியது. படகின் இடப்பக்கம் மெல்லத் தணிந்தது. பிறகு வலையின் வயிறு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்த சொறிகள். அவற்றுக்கு நடுநடுவே மீன்களும் வெள்ளி வெள்ளியாக மின்னின. ஸ்ராங்கு சொன்னது பொய்யில்லை. நிறையவே மீன் இருந்தது. அதனால்தான் அவருக்கு விட மனசு வரவில்லை.

"நிறுத்து! வலையைக் கொஞ்சம் கிழிச்சு விடறேன். சொறி வழிஞ்சு போயிடும், மீன் நிக்கும்" என்று நீளக் கத்தியை எடுத்துக்கொண்டு இடப்பக்க ஓரத்துக்கு ஓடினார். ஓரத்தில் வயிறு அழுந்தச் சாய்ந்து வலையைக் கிழிக்கத் தொடங்கினார். ஒரு சொறி பிதுங்கி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. படகு இன்னும் தணிந்தது. தண்ணீர் ஓரத்தைத் தாண்டி உள்ளே வழிந்தது.

கீழே இன்ஜின் அறையிலிருந்து மெக்கானிக் அலறினார். "தண்ணி வருது! டேய், தண்ணி வருது!"

பூட்டு வின்ச்சின் பிரேக்கைத் தளர்த்தி வலையைத் திரும்ப இறக்கப் பார்த்தான். சுமையில் இறுகிப்போய் அது அசையவில்லை. அண்ணன் தம்பி இருவரும் சரிந்த டெக்கில் எதையாவது பிடித்துக்கொள்ளத் துழாவினார்கள். கேபின் சுவரில் மாட்டியிருந்த கோடாரியைப் பூட்டு எடுத்தான்.

"அத்தான்! விலகுங்க! வெட்டப் போறேன்!"

ஸ்ராங்கு திரும்பிப் பார்த்தார். பேசவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசிய மனிதர் அந்த ஒரு தடவை பேசவில்லை. கையை மட்டும் தூக்கினார். பூட்டு கோடாரியை இறக்கினான். முதல் வெட்டில் கயிறு பாதி அறுந்தது. மீதி தானாகவே தெறித்தது. அறுந்த முனை சீறிக்கொண்டு போய் ஸ்ராங்கை நெஞ்சில் அடித்தது. அவர் கிழிந்த வலையோடு, சொறிகளுக்கு நடுவே போய் விழுந்தார்.

படகு ஆடி ஆடி நிமிர்ந்தது. அவரைத் தூக்கியபோது உயிர் இல்லை. முகமும் கழுத்தும் சிவந்து தடித்து, அடையாளம் தெரியாதபடி வீங்கியிருந்தன.

அக்காவிடம் சொன்னது பூட்டுதான். வேறு யாரையும் சொல்ல விடவில்லை. ஷெட்டுக்கு நேராகப் போனான். அவள் மேசை முன்னால் நின்று நடந்ததை வரிசையாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கோடாரியையும் சொன்னான், கையைத் தூக்கியதையும் சொன்னான். அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. அக்கா கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கையைத் தூக்கினாரா?"

"ஆமாக்கா."

"எதுக்கு? வெட்டுன்னா, வேணாம்னா?"

"தெரியலக்கா. எனக்குத் தெரியல."

"தெரியாமயா வெட்டின?"

அதோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்தினாள். துறைமுக அதிகாரி விசாரித்துவிட்டு, வெட்டியிருக்காவிட்டால் ஐந்து பேரும் போயிருப்பார்கள், இது விபத்துதான் என்றார். கூட இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அக்கா யாரையும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் தம்பி வீட்டுப் பக்கம் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். மகள்தான் வெளியே வந்து, "சாப்பிட்டியா மாமா?" என்று கேட்டு அனுப்புவாள்.

மெக்கானிக்கின் மனைவி பழக்கூடையோடு பூட்டைத் தேடிப் போய், "என் தாலியைக் காப்பாத்திக் குடுத்த" என்று அழுதாளாம். அவன் கூடையை வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டானாம். இது காதுக்கு வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை. கடைத்தெருவில் அந்தப் பெண் கணவனோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் இவளுக்கு வயிறு எரியும். எரிந்ததற்காக வெட்கமும் வரும்.

மீன் வரத்து நின்றுபோய் ஷெட்டை மூடினார்கள். கொஞ்ச நாளில் வேறு ஒருத்தர் அதே ஷெட்டை எடுத்தார். சொறியை வெட்டி, உப்பும் படிகாரமும் போட்டு, தண்ணீர் இறங்கவிட்டு, வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறாராம். அங்கே அதைச் சாப்பிடுகிறார்களாம். பழைய பெண்களையே வேலைக்குக் கூப்பிட்டார். அக்காவும் போனாள். வேறு எங்கே போவது?

படகு சும்மா கட்டிக் கிடந்தது. மெக்கானிக் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"சொறி எடுக்கப் படகு கேக்கறாங்கம்மா. நம்மது கெட்டுப்போயிட்டிருக்கு."

"யாரையாவது போட்டு ஓட்டுங்க."

"பூட்டு ஓட்டினா நான் வர்றேன். அண்ணன் தம்பியும் வருவாங்க. வேற எவன் ஓட்டினாலும் நாங்க ஏற மாட்டோம்."

"ஓட்டட்டும். என்கிட்ட யாரும் எதுவும் பேச வேணாம்" என்றாள் அக்கா.

அப்படியாக அவன் பிடித்துவருவதை அவள் வெட்டினாள். தினமும் மதியம் அவன் தொட்டிகளை உருட்டிக்கொண்டு வருவான். அவள் மேசைக்கு எதிரே சாய்ப்பான். குடைபோன்ற மேல்பகுதி தனியாக, கால் தனியாக வெட்டி, சளியை வழித்து, இழைகளை அறுத்துத் தள்ளவேண்டும். ரப்பர் கையுறை முழங்கைவரை இருக்கும். ஷெட் முழுக்க உப்பு நாற்றம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பல மாதம் அந்த வேலையைச் செய்தார்கள். அவன் இளைத்துப்போனான். கன்னம் ஒட்டிவிட்டது. ராத்திரியெல்லாம் படகிலேயே உட்கார்ந்திருக்கிறான், தூங்குவதே இல்லை என்று மெக்கானிக் யாரிடமோ சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. விழாததுபோல் இருந்துகொண்டாள்.

ஒரு மதியம் பெரிய சொறி ஒன்று மேசையிலிருந்து சரிந்தது. பிடிக்கப்போன அக்காவின் கையுறைக்குள் இழைகள் புகுந்துவிட்டன. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் குடிதண்ணீர் செம்பை எடுத்து ஓடிவந்தாள்.

"நல்ல தண்ணி ஊத்தாதீங்க!" என்று பூட்டு கத்தினான். கடல் தண்ணீர் வாளியை இழுத்துவந்து, அக்காவின் எதிரே மண்டியிட்டு, கையுறையை மெல்லச் சுருட்டிக் கழற்றினான். தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒட்டியிருந்த இழைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தான். அக்கா அவன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பகுதியில் முடி நரைத்திருந்தது. அவளைவிட எவ்வளவோ சின்னவன்.

"எப்படித் தூக்கினார்?" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"கையை. எப்படித் தூக்கினார்னு காட்டு."

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையை முன்னால் காட்டி, விரல்களைக் கொஞ்சம் விரித்து, ஒரு தடவை லேசாக முன்னுக்குத் தள்ளினான். இதைத் தனியாக எத்தனை தடவை செய்து பார்த்திருப்பானோ, அத்தனை சரியாக இருந்தது.

அக்காவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நிற்பார். இவள் சமையலறையிலிருந்து நேரமாச்சு நேரமாச்சு என்று கத்துவாள். அப்போது திரும்பாமலே இப்படித்தான் கையைக் காட்டுவார். பொறு, இதோ வந்துட்டேன் என்று அர்த்தம். சரி என்பதற்கு அவர் கையைத் தூக்கவே மாட்டார், தலையைத்தான் ஆட்டுவார்.

பூட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெட்டுன்னுதான் சொல்லியிருக்கார்" என்றாள் அக்கா.

"நிஜமாவாக்கா?"

"பதினெட்டு வருஷம் அவரோட குடும்பம் நடத்தினவ சொல்றேன். நீ வேற யார்கிட்ட போய்க் கேக்கப்போற?"

அவன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். ஷெட்டில் வேலை நின்றது. அக்கா வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். "போதும். எழுந்திரு. மூக்கைத் துடை" என்றாள்.

அன்று சாயங்காலம் அவன் அக்கா வீட்டில் சாப்பிட்டான். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்து தூங்கியும் போனான். அக்கா பாத்திரம் கழுவப் போனாள். மகள் பின்னாலேயே வந்து துடைக்கும் துணியை எடுத்தாள்.

"அம்மா, உன் கையில தண்ணி படக்கூடாது. நகரு."

அக்கா நகர்ந்து நின்றாள். மகள் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வெட்டச் சொன்னார்னு சொல்லிட்டியாமே?"

"யார் சொன்னா?"

"மாமாதான் சொன்னார். வந்ததும் முதல்ல அதைத்தான் சொன்னார்." மகள் குழாயை மூடினாள். "அப்பா செத்த வாரமே மாமா அந்தக் கையை என்கிட்ட காட்டினார்மா. இப்படின்னா என்னன்னு கேட்டார். பொறுன்னு அர்த்தம்னு தெரிஞ்சும், எனக்குத் தெரியாது மாமான்னு சொல்லிட்டேன்."

இந்தப் பெண் இத்தனை மாதம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். மாமன் வந்தபோதெல்லாம் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மாமாவைக் கொன்னுடுவியோன்னு பயமா இருந்துச்சு."

கூடத்தில் பூட்டின் குறட்டை கேட்டது. அக்கா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் சத்தம் வராமல் அழுதார்கள், அவன் எழுந்துவிடக் கூடாதே என்று.

சொறி இன்னும் இரண்டு பருவம் வந்தது. பிறகு ஏனோ வரவில்லை. ஷெட்டை எடுத்தவர் அதைப் பூட்டிவிட்டுப் போனார். கடல் பழையபடி தெளிந்தது, ஆனால் மீன் பழையபடி வரவில்லை. சொறிக்கூட்டம் குஞ்சு மீனையெல்லாம் தின்றுவிட்டது என்கிறார்கள். அதற்கு முன்னாலேயே நாம் அள்ளித் தீர்த்துவிட்டோம் என்றும் சிலர் சொல்கிறார்கள். மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். பூட்டு படகை ஓட்டுகிறான். இப்போதெல்லாம் ஓரளவு பேசுகிறான். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால், அத்தான் அன்றைக்கு எப்படித் திரும்பிப் பார்த்தார், எப்படிக் கையை ஓங்கி, "வெட்டுடா!" என்றார் என்று சொல்வான். கதையில் இப்போது அவருக்குக் குரலும் வந்துவிட்டது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர் அக்காவை வாசலில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய மனுஷன்மா உங்க வீட்டுக்காரர். தன் உசுரைக் குடுத்து நாலு பேரைக் காப்பாத்தியிருக்கார்."

"ஆமா" என்றாள் அக்கா. உள்ளே போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.