சந்தனம் பூசிய ஆம்ப்

பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை முடிந்து வந்த தர்ஷிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். சரஸ்வதி பூஜைக்காகக் கணவனின் கிட்டாரும் அதன் ஒலிபெருக்கியான ஆம்பும் அவன் படத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்தன. மாமியார் வேலம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆம்பின் குமிழ்கள் ஒவ்வொன்றிலும் குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீரும் தெளித்திருந்தாள். சசிக்குமார் இருந்தபோது ஆம்பின் கைப்பிடிக்கு மட்டும்தான் பொட்டு வைப்பான். பூஜை வேளையில் எப்போதும் அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அது எப்படித் தெரியும்?

எலிக்காய்ச்சல் சசியைக் கொண்டுபோனது மாசியில். அதற்குப் பிறகு ஆம்பைத் தர்ஷிகாதான் பார்த்துக்கொண்டாள். தூசு தட்டுவாள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் லயத்து வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைப்பாள். வெள்ளிக்கிழமைகளில் சுவிட்சைப் போடுவாள். வால்வு வைத்த பழைய ஆம்புகளைப் போல அது சூடாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; ட்ரான்சிஸ்டர் ஆம்ப், போட்டவுடன் சிவப்பு விளக்கு எரியும், மெல்ல இரையும். அந்த இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைப்பாள். குமிழ்களை மட்டும் தொடமாட்டாள். அவற்றைக் கடைசியாகத் திருப்பியது அவன் விரல்.

அன்றும் சுவிட்சைப் போட்டாள். கரகரவென்று கத்திவிட்டு அடங்கிப்போனது. விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை.

வேலம்மா சோற்றைத் தொடவில்லை.

"எம் புள்ளயோட சாமான நானே சாகடிச்சிட்டேன்" என்றாள்.

தர்ஷிகாவுக்கு வந்த கோபத்தில் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் ஆம்பை ஓட்டோவில் ஏற்றிப் பலாபத்வலை டவுனுக்குக் கொண்டுபோனாள். சசியோடு திருவிழா, கல்யாண வீடு என்று பேஸ் கிட்டார் வாசித்த, அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் றம்ஸி அங்கே ரேடியோ, டீவி திருத்தும் கடை வைத்திருந்தான். பின்பலகையைக் கழற்றி, குமிழ்களில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"ஆம்புக்குக் காதுகுத்தா வெச்சீங்க தங்கச்சி?"

அவள் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு விவரம் சொன்னான். குமிழ்களுக்குள்ளே அழுக்கு இறங்கியிருக்கிறது. அழுக்கைக் கரைக்கும் மருந்து அடித்து, ஒவ்வொன்றையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திரும்பத் திரும்பத் திருப்பினால் சரியாகிவிடும்.

"திருப்பாம செய்ய ஏலாதா நானா?"

ஏலாது என்றான். வேண்டுமானால் இப்போது இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், பிறகு அப்படியே வைத்துவிடலாம் என்றான்.

"போட்டோ எங்கிட்டயும் இருக்கு. இது அவரு வெச்ச எடம். திருப்பிட்டா நாம வெச்ச எடமாயிரும்."

றம்ஸி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். வெளியே கண்டிப் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"மஞ்சத் தண்ணி படாட்டியும் இது இப்பிடித்தான் ஆகும் தங்கச்சி. திருப்பாம வெச்சா உள்ளுக்குப் புடிச்சிக்கும். சசி வாசிக்காத நாள்லயும் எல்லாத்தையும் ஒருக்கா சுத்திட்டுத்தான் மூடுவான். நீங்க பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். ஏதோ விரல் பழக்கம் என்று நினைத்திருந்தாள். மாசியிலிருந்து தான் காத்துவந்ததே அதை அடைத்திருக்கிறது. அங்கே வீட்டில் ஒருத்தி பழி முழுவதையும் சுமந்துகொண்டு பட்டினி கிடக்கிறாள்.

"மருந்த அடிங்க நானா. நான் திருப்புறேன்."

முதல் குமிழ் இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். சந்தனத்தூள் மேசையில் உதிர்ந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பி முடிக்கும்போது விரல் நுனி சிவந்துவிட்டது. மருந்து காயும் வரை இருந்துவிட்டு றம்ஸி சுவிட்சைப் போட்டான். ஆம்ப் இரைந்தது. குமிழ்களைப் பழைய இடத்தில் வைக்கட்டுமா என்று கேட்டான். நின்ற இடத்திலேயே இருக்கட்டும் என்றாள்.

வீட்டில் வேலம்மா கிட்டவே வரவில்லை.

"நான் தொடமாட்டேன்மா. ஆகாத கை இது."

றம்ஸி சொன்னதையெல்லாம் தர்ஷிகா அவளுக்குச் சொன்னாள். தான் தொடாமல் வைத்ததும் ஒரு குற்றம்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு சுவிட்சைப் போட்டு, மாமியின் கையைப் பிடித்து இழுத்துக் குமிழின் மேல் வைத்தாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"ரெண்டு பக்கமும் மாமி. முட்டுற வரைக்கும்."

வேலம்மா திருப்பினாள். இரைச்சல் கூடியது. சட்டென்று கையை எடுத்தவள், சற்றுப் பொறுத்து மறுபடியும் வைத்தாள்.