சாராளின் சத்தம்

சாராளுக்கு மனசுக்குள் ஜெபம் பண்ணத் தெரியாது. புதுவாயலில் இருந்தவரை அது ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி அடிக்கிற மில்லில் அவளுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. மெஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள் துடைப்பத்தோடு நின்று, சாராள் பாட்டுக்குக் கடவுளிடம் கத்திக்கொண்டிருப்பாள். பிதாவே, பரமபிதாவே என்றெல்லாம் இல்லை. அந்தப் பக்கத்தில் பெற்ற அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி, நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா நைனா, கண்டும் காணாத மாதிரி கீறே? நம்ம செங்கம்மா புள்ளைக்குக் காய்ச்சல் உடல. போய் இன்னான்னு பாரு. நான் சொன்னேன்னு சும்மா தலையாட்டாத."

கடவுளை இப்படி விரட்டி வேலை வாங்க அவளால்தான் முடியும் என்று மில்லில் பேச்சு. கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடுகிற பெண்கள்கூட, "சாராக்கா, எனக்கும் ஒரு வார்த்த சொல்லிடு" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கத்துவாள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தொண்டை கட்டியிருக்கும், முகம் மட்டும் குளித்துவிட்டு வந்தது போல இருக்கும்.

புருஷன் மோசஸ் போய்ச் சேர்ந்தான். முட்டி தேய்ந்து குனிய முடியாமல் போனதும், "வயசாயிடுச்சும்மா, ஊட்ல ரெஸ்ட் எடு" என்று காண்ட்ராக்டர் நிறுத்திவிட்டான். மகள் கிறிஸ்டினா வந்து, வேப்பம்பட்டில் தானும் புருஷனும் வாங்கியிருந்த ஃப்ளாட்டுக்கு அவளை அழைத்துப் போனாள். ரயில் பாதையை ஒட்டின இரண்டாவது மாடி. நல்ல காற்று, குழாயைத் திறந்தால் தண்ணீர், குறை சொல்ல ஒன்றுமில்லை.

வந்த மறுநாள் விடிந்ததும் சாராள் பால்கனியில் நின்று, "நைனா, நான் ஊடு மாறிட்டேன்" என்று ஆரம்பித்தாள். அடுத்த நாள் கீழ்வீட்டுப் பரணிதரன் படியேறி வந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் நைட் ஷிப்ட். இப்பதான் வந்து கண்ண மூடறேன்."

அவன் சண்டை போட்டிருந்தால் சாராள் ஒரு கை பார்த்திருப்பாள். நைட் ஷிப்ட் என்ற ஒரு சொல்லில் அவள் அடங்கிப்போனாள். அந்தத் தூக்கத்தின் அருமை அவளுக்குத் தெரியாதா? "நீ போய்ப் படு நைனா, இனிமே சத்தம் வராது" என்று அவனையும் அதே சொல்லால் அழைத்து அனுப்பினாள்.

கிறிஸ்டினா இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். "மனசுக்குள்ள பண்ணும்மா. கடவுளுக்குக் கேக்காதா இன்னா?"

"அவருக்குக் கேக்கும்டி. எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது."

மகள் சிரித்தாள். சாராள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் பால் பாக்கெட் நினைவுக்கு வருகிறது, முட்டி வலி நினைவுக்கு வருகிறது, பாதியில் தூக்கமும் வருகிறது. உள்ளே யாரோ இருந்தார்கள், இப்போது கதவைத் தட்டினால் பதில் இல்லை. தன்னைத் தானே எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டது போலத் திகிலாக இருந்தது.

வழியை ரயில்தான் காட்டியது. ஒருநாள் ஸ்டேஷன் பக்கம் கீரை வாங்கப் போனவள், நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று அதிர அதிர வருவதைக் கேட்டாள். அச்சு அசல் மில்லுச் சத்தம்! அவளை அறியாமல் வாய் திறந்துகொண்டது. கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் ஊரில் உள்ள கதையெல்லாம் கொட்டிவிட்டாள். அன்று அவள் வைத்த கீரைக் குழம்பை மருமகன் ஜோஷ்வா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதன் பிறகு தினமும் பிளாட்பாரத்தின் கோடியில் போய் நின்றாள். மில்லில் விட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பரணிதரனுக்குப் பகல் ஷிப்ட் கிடைக்கவும் ஒரு வார்த்தை போட்டுவைத்தாள்.

எந்தப் புண்ணியவானோ அதை செல்போனில் பிடித்துவிட்டான். கையைத் தூக்கி, தலையை ஆட்டி, ஓடும் ரயிலைப் பார்த்துக் கத்தும் ஒரு கிழவி. அது சுற்றிச் சுற்றி ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர், தெரிந்த மனநல டாக்டர் இருக்கிறார் என்று அக்கறையாக நம்பர் போட்டார்கள். சிரித்தவர்களே தேவலை.

"மானம் போவுதும்மா. ஆபீஸ் வரைக்கும் கேக்கறாங்க. இனிமே ஸ்டேஷன் பக்கம் போகாத."

கிறிஸ்டினா அழுதுகொண்டே சொன்னதால் சாராள், "சரிடி" என்றாள். போகவும் இல்லை. டிவி பார்த்தாள், வெங்காயம் உரித்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். பால்கனியில் துணி காயப்போடும்போது ரயில் வந்தால் கொஞ்ச நாள் உதடு அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா செட்டாகிட்டாங்க என்று கிறிஸ்டினா எல்லாரிடமும் சொன்னாள், அவளுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு மதியம் கிறிஸ்டினாவுக்கு போன் வந்தது. தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குப் போன ஜோஷ்வாவைப் புதுவாயல் கூட்டுரோட்டில் லாரி தட்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவன் பிழைத்துக்கொண்டான், காலில் கம்பி வைத்து இப்போது நடமாடுகிறான். ஆனால் அந்த நேரம் யாருக்கு அது தெரியும்? காருக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் கிறிஸ்டினா பால்கனியில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள்.

"ஜெபம் பண்ணும்மா! சத்தமா பண்ணு. யார் கேட்டா இன்னா?"

சாராள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. திறந்து திறந்து மூடினாள். அழுகைச் சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த பரணிதரன் வாசலில் நின்று, "பண்ணுங்கம்மா, நான் தூங்கல" என்றான். சாராள் அவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"இருடி. ட்ரெயின் வரட்டும்."

கிறிஸ்டினா அம்மாவின் காலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ரயில் வந்தது. பால்கனிக் கம்பிகள் அதிர்ந்தன. சாராளின் வாய் அசைவதைப் பார்த்து, கிறிஸ்டினா எழுந்து, அம்மாவின் உதட்டருகே காதை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அம்மா என்னதான் பேசுகிறாள் என்று அவள் காது கொடுத்தது அதுதான் முதல்முறை. மருமகனின் பெயர் இன்னும் வரவில்லை. மில்லில் கடவுளையே அதட்டிய குரல், முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நிற்பவள் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"நைனா... நான்தான், சாராளு. மில்லு சாராளு. ஞாபகம் கீதா?"

கடைசிப் பெட்டி கடந்து போனது. சாராள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பரணிதரன் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"நிறுத்தாதம்மா," என்று கிறிஸ்டினா கத்தினாள். "நிறுத்தாத!"

"கத்தாதடி," என்றாள் சாராள், மெதுவாக. "கீழ புள்ள தூங்குது."