ஐந்தாவது வேட்டு

கே.ஜி.கண்டிகைக் கல்குவாரியில் முனியன் வைத்ததுதான் சட்டம். எத்தனை குழிக்குத் திரி கொளுத்தினானோ, அத்தனை வேட்டுச் சத்தம் அவன் காதில் விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் வரைக்கும் ஈ காக்கை பள்ளத்தில் இறங்கக்கூடாது. பதினெட்டு வருஷமாக அவன் எண்ணிக்கை பிசகியதில்லை. அந்தத் திமிர் அவனுக்கு உச்சந்தலை வரை ஏறியிருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்தத்துக்காக அரக்கோணத்துக்கு ஜல்லி ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. அன்று காலை முனியன் ஆறு திரி கொளுத்திவிட்டு, வழக்கம்போல் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் பதுங்கினான். நான்காவது வேட்டில் ஒரு கல் சில்லு பறந்து வந்து அவன் தலையைப் பதம் பார்த்தது. முண்டாசு கழன்று விழுந்தது. அதை எடுத்து ரத்தத்தைத் துடைப்பதற்குள் ஐந்தாவது வெடித்தது. அம்மாடி, மண்டைக்குள்ளேயே வெடித்த மாதிரி இருந்தது அவனுக்கு. ஆறாவது வரவேயில்லை.

"அஞ்சும் ஆறும் ஒண்ணா பூடிச்சி. எறங்கலாம்," என்றான்.

மரத்தடியில் பெட்டியும் முள்ளுமாக உட்கார்ந்திருந்த கோதண்டபாணி எழுந்து வந்தார். வெடிச் சத்தத்தை அளப்பதற்காகப் பட்டணத்திலிருந்து வந்தவர்.

"வேணாம்ப்பா. அஞ்சு தடவையும் முள்ளு ஒரே கோட்லதான் நின்னுச்சு. ரெண்டு வேட்டு சேர்ந்தா காதுக்கு ரெண்டு மடங்கா கேக்காது, கொஞ்சம்தான் கூடத் தெரியும். ஆனா முள்ளு மூணு கோடு ஏறும். ஏறல. ஒண்ணு உள்ளதான் இருக்குது."

"டப்பாவுக்குக் காது கீதா?" என்றான் முனியன். எல்லாரும் சிரித்தார்கள்.

"உன் காதை நம்பி ஆளுங்கள எறக்காதேங்கறேன்."

அவ்வளவுதான். முனியன் விட்ட அறையில் அவர் சுருண்டு விழுந்தார். பெட்டியை ஓர் உதை உதைத்தான். கண்ணாடி நொறுங்கி முள் வளைந்தது. இத்தனை பேர் முன்னால் அவன் காதைக் குறை சொல்ல இவன் யார்?

அக்காள் புருஷன் ஜம்புலிங்கம் கடப்பாரையோடு தயங்கினான். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டுச்சி, முனியா."

"நீ தூரமா இருந்த பாவா. நான் கிட்ட இருந்தேன். எறங்கு."

"ஆங், நீ சொன்னா சரி," என்று ஜம்புலிங்கம் இறங்கினான். முனியன் அதே பாறையில் போய் உட்கார்ந்தான். கடப்பாரை நான்காவது முறை குழிக்குள் இறங்கியபோது வெடித்தது.

ஐந்தாவது எப்படி இடித்ததோ, அச்சு அசலாக அப்படியே இடித்தது. ஒற்றைக் குழி. அதே சத்தம். முனியன் கையிலிருந்த முண்டாசைப் பிரித்தான். ரத்தம் தோய்ந்த மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வலது காதைத் தொட்டுப் பார்த்தான். காலி.

பள்ளத்தில் ஜம்புலிங்கத்தின் இடுப்புக்கு மேலே எதுவும் முழுசாக இல்லை. கூடையை எறிந்துவிட்டு ஓடி வந்த கெங்கம்மாள் புருஷனின் கால்களைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"இவன் டப்பா வந்த நேரம்தான்," என்று எவனோ ஒருவன் சொன்னான். போதாதா? ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். கோதண்டபாணியின் வாயிலிருந்து பல்லும் ரத்தமும் கொட்டின. மிதித்தார்கள். கெங்கம்மாள் ஜல்லி உடைக்கும் சுத்தியலோடு வந்தாள். வழி விட்டார்கள்.

முனியன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அவன் பேர் பிழைத்திருக்கும். அந்த நினைப்பு அவனுக்கு வரத்தான் வந்தது. ஆனாலும் பாய்ந்து போய் அக்காளின் கையைப் பிடித்தான். பஞ்சை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"அக்கா, அஞ்சாவது வேட்டுக்கு இது காதுல இல்ல. அதான் பெருசா கேட்டுச்சி. அவரு சொன்னதுதான் நெசம். பாவாவ நான்தான் கொன்னேன்."

கெங்கம்மாள் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுத்தியலை ஓங்கி அவன் வலது காதில் இறக்கினாள். முனியன் மண்டி போட்டு விழுந்தான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"கேக்குதாடா?" என்றாள். மறுபடி ஓங்கினாள்.

சுற்றி நின்ற யாரும் அசையவில்லை. கோதண்டபாணிதான் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.